எல்லைக்கு அந்தப் பக்கம் நின்ன ரயில்

சண்டையெல்லாம் இல்ல சார். ‘டிக்கெட் எடுத்தாச்சு, நீ எடுக்காத’ன்னு சொன்னேன், அம்புட்டுத்தான். அதுக்குப் பஸ்ஸே திரும்பிப் பாக்குது. கண்டக்டர் முறைக்கிறதப் பாருங்க, நான் என்னமோ பொம்பளை மேல கை நீட்டப் போற மாதிரி. அந்தா, மூணாவது சீட்டுல ஜன்னலோரம், பச்சைச் சேலை, மடியில ஒயர்கூடை. அதுதான் என் சம்சாரம், குருவம்மா. காது கேக்காது. பக்கத்துல நின்னு கத்துனாத்தான் ஏதோ கொஞ்சம் விழும். இப்பத் தலைய ஆட்டுறால்ல, அது கேட்டு ஆட்டுறதா, கேக்காம ஆட்டுறதான்னு எனக்கே தெரியாது.

நீங்க நல்லா உக்காருங்க. பையை இங்கிட்டு வைங்க. மதுரைக்குத்தானே? நாங்களும் அங்கதான், இவ காதுக்காக ஆஸ்பத்திரிக்கு. இன்னைக்கு அட்மிஷன்.

முன்னமே டாக்டர்கிட்டக் காட்டலையான்னு கேக்குறீங்க. கேளுங்க, எல்லாரும் அதத்தான் கேக்குறாக. சார், நான் டாக்டரத் தேடிப் போகல, டாக்டரையே எங்க ஊருக்குக் கொண்டாந்தேன். ஒரு டாக்டர் இல்ல. ஒரு ரயில் நெறைய டாக்டர். கொண்டாந்து என்ன பண்ண, விளங்காத ஊரு. சொல்றேன். மதுரை போக ரெண்டு மணி நேரம் ஆகும்ல.

என் பேரு சோணைமுத்து. கொன்னையேந்தல்ல மைக்செட் வெச்சிருக்கேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எழவு வீடு, இந்தப் பக்கம் எங்க ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தாலும் அது நம்ம குழாய்தான். எங்க ஊருக்கு ஒரு ஸ்டேஷன் உண்டு. ஸ்டேஷன்னா பெருசா நெனச்சுராதீக. ஒரு புளியமரம், ஒரு ரூமு, காலையில ஒரு பாசஞ்சர், சாயங்காலம் ஒரு பாசஞ்சர். ஆனா பக்கத்துல இன்னொரு லைன் சும்மா கெடக்கு. முந்தி உப்பு ஏத்துறதுக்குப் போட்டது. அதப் பாத்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு.

ஆஸ்பத்திரி ரயில் கேள்விப்பட்டிருக்கீங்களா? ஏழு பெட்டி. ஒரு பெட்டியில பல்லு பாக்குறாக. ஒரு பெட்டியில எக்ஸ்ரே. ரெண்டு பெட்டியில ஆபரேஷன், கண்ணு, காது, பிளந்த உதடு எல்லாம். மிச்சப் பெட்டியில டாக்டருக்கும் நர்சுக்கும் சாப்பாடு தூக்கம். ஆஸ்பத்திரி இல்லாத ஊரு ஸ்டேஷனாப் பாத்து வந்து இருபத்தொரு நாள் நிக்கும். பத்துப் பைசா வாங்க மாட்டாக. இத நான் ஒரு பேப்பர்ல படிச்சேன், வடை மடிச்சுக் குடுத்த பேப்பர். அன்னைக்கே மனு எழுதிட்டேன்.

ஆறு வருசம் சார். ஆறு வருசம் மனு. ஒரு தடவை பதில் வந்துச்சு, உங்க ஸ்டேஷன்ல லைன் நீளம் பத்தாது, ஏழு பெட்டி நிக்காதுன்னு. விட்டனா நானு? மைக் ஒயரப் பிடிச்சு அந்த லைன இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் அளந்தேன். ஒயரு எத்தனை சுருள்னு எனக்குத் தெரியும்ல. அளந்து எழுதி, ‘ஏழு பெட்டி நின்னது போக ஒரு மாட்டுவண்டியும் நிக்கும், நேர்ல வந்து பாக்கவும்’னு போட்டேன். வந்தாக. அளந்தாக. நான் சொன்ன அளவுதான்.

யாருக்காக இம்புட்டும்? இந்தப் பச்சைச் சேலைக்காகத்தான். அவளுக்கு வலது காது ஏழு வயசுல காய்ச்சல்ல போனது. இடது காது நல்லாத்தான் இருந்துச்சு. பத்து வருசம் முன்ன அதுலயும் சீழ் வர ஆரம்பிச்சுருச்சு. சவ்வுல ஓட்டையாம். மதுரைக்கு மூணு தடவ போனோம். அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட், அடுத்த வாரம் வாங்க. வீட்டுல பதினஞ்சு ஆடு கெடக்கு, எனக்கு விசேஷ வீட்டு வேலை, போகாம விட்டுருச்சு. நாங்க விடல சார், விட்டுருச்சு. சரி, டாக்டர் நம்ம வாசலுக்கே வரட்டும்னு அன்னைக்கே முடிவு பண்ணேன்.

போன வருசம் மாசி மாசம் வருதுன்னு கடுதாசி வந்துருச்சு. இருபத்திரண்டு ஊரு சார். ஆட்டோவுல குழாயக் கட்டிக்கிட்டு இருபத்திரண்டு ஊருக்கும் போய், ‘பல் வலியா, கண் மறைக்கிறதா, காதில் சீழா, வாருங்கள் கொன்னையேந்தல் ரயிலடிக்கு’ன்னு தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னது நான்தான். அந்த இருபத்திரண்டு ஊரும் வந்துச்சு. புளியங்குளத்துல மட்டும் பதினோரு பேருக்குக் காது சரியாயிருச்சு. இப்ப அந்த ஊருக்குக் குழாய் கட்டப் போனா, சவுண்டக் கொஞ்சம் குறைங்க அண்ணேங்கிறான். சவுண்டக் குறைக்கணுமாம். காது யாரால வந்துச்சுன்னு நெனப்பு இருக்கா அவனுக்கு?

எங்க ஊர்ல எத்தனை பேருன்னு கேளுங்க. பதினாறு பேரு காதுக்குப் பேரு குடுத்தாக. ஒருத்தர் கூடப் போகல. ஒரு ஆளு கூட.

ஏன்னா திருவிழா.

நீங்க சிரிக்காதீக. இத நான் சொல்லும்போது எல்லாரும் சிரிக்கிறாக, எனக்குத்தான் வயிறு எரியுது. கேளுங்க. இம்புட்டுத் தூரம் நமக்காக வாற டாக்டருகளுக்கு நாம என்ன செய்யுறது? காசு வாங்க மாட்டாக. சாப்பாடு அவுகளே சமைச்சுக்கிறாக. எங்க ஊருல இருக்குறதுலயே பெரிய மரியாதை பரிவட்டம்தான். அம்மனுக்குச் சாத்துன பட்டுல துண்டு கிழிச்சு, கோயில் முன்னாடி நிக்க வெச்சு, மேளம் அடிச்சுத் தலையில கட்டுறது. கலெக்டர் கேட்டாலும் கெடைக்காது. அது செல்லாயி அம்மன் திருவிழாவுல எட்டாம் நாள்தான் கட்டுவாக. திருவிழாவோ பங்குனி மூணாவது செவ்வாய். அதுக்குள்ள ரயில் போயிரும். அப்ப என்ன செய்யணும்? திருவிழாவ முன்னாடி தள்ளணும். இதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க.

கமிட்டியில நான்தான் பேசுனேன். பூசாரி காத்தமுத்து மட்டும் இழுத்தாரு. ‘சோணை, அம்மன் உத்தரவு கேக்கணும்யா’ன்னாரு. கேப்போம்னேன். சிவப்புப் பூ ஒரு இலையில, வெள்ளைப் பூ ஒரு இலையில மடிச்சு அம்மன் காலடியில போட்டு எடுப்பாக. வெள்ளை வந்தா சரி, சிவப்பு வந்தா வேண்டாம். மொத தடவ சிவப்பு. இலை சரியா மடிக்கலன்னேன். ரெண்டாந் தடவயும் சிவப்பு. அன்னைக்கு வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை கேப்போம்னேன். செவ்வாய்க்கிழமை வெள்ளை வந்துச்சு. அம்மனே சரின்னாச்சு, அப்புறம் என்ன? நோட்டீஸ் அடிச்சோம். விழாச் செயலாளர் கா. சோணைமுத்துன்னு கொட்டை எழுத்துல. இருபத்தெட்டு வருசமா அந்தக் கோயிலுக்குக் குழாய் கட்டுறேன், நோட்டீஸ்ல அடியில ‘ஒலி ஒளி’ன்னு போட்டுப் பொடி எழுத்துல பேரு வரும். மேல வந்தது அதுதான் மொத தடவ. அந்த நோட்டீஸ் இன்னும் பீரோவுல இருக்கு.

காப்புக் கட்டுறதுன்னா உங்களுக்குத் தெரியும்ல? டவுன்காரக, தெரியாமலும் இருக்கலாம். மஞ்சக் கயித்தப் பூசாரிக்கும் கமிட்டிக்காரங்களுக்கும் கையில கட்டுவாக. கட்டிட்டா அம்மன் ஊருக்குள்ள இறங்கிட்டான்னு அர்த்தம். அப்புறம் எட்டு நாளைக்கு ஊருல இருக்குறவுக எல்லையத் தாண்டக் கூடாது, வெளியில ராத் தங்கக் கூடாது. வெளியில போகணும்னா காப்புக் கட்டுறதுக்கு முன்னாடியே போயிரணும், போனா எட்டு நாளும் வெளியிலயே இருந்துக்கிரணும். அப்புறம் இன்னொண்ணு, உடம்புல கத்தி படக் கூடாது, ரத்தம் சிந்தக் கூடாது. செரைக்கக் கூட மாட்டோம். எட்டாம் நாள் கிடாதான் மொத ரத்தம்.

எல்லை எங்க இருக்கு? ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம், முன்னூறு அடியில, எல்லைக்கல்லு. ரயிலு கல்லுக்கு அந்தப் பக்கம்.

நான் யோசிக்கலையான்னு பாக்குறீங்க. சார், ரயிலு இருபத்தொரு நாள் நிக்கும். திருவிழா எட்டு நாள். எட்டு போக மிச்சம் இருக்குல்ல? ஆறு வருசம் பொறுத்தவனுக்கு எட்டு நாள் பொறுக்க முடியாதா? காது டாக்டருக மொத வாரம் மட்டும் இருப்பாக, அடுத்த வாரம் கண்ணு டாக்டருக, அதுக்கு அடுத்து உதட்டு ஆபரேஷன்னு மாறி மாறி வருவாகன்னு எவன் சொன்னான்? கடுதாசியில இருந்துச்சாம். ரெண்டாம் பக்கத்துல. ரெண்டாம் பக்கத்தையெல்லாம் யாரு சார் படிக்கிறா?

சனிக்கிழமை காலையில ரயில் வந்துச்சு. நான்தான் மொத மாலை போட்டேன், எஞ்சினுக்கு. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் பாத்துப் பேரு எழுதுனாக. குருவம்மா விடிஞ்சதும் போயிட்டா. நான் போகல, எனக்குப் பந்தல் வேலை. மத்தியானம் வந்தா பாருங்க, முகம் அப்படி இருக்கு. கல்யாணமான புதுசுல கூட நான் அந்த முகத்தப் பாத்ததில்ல. காது டெஸ்ட் பண்ற பெட்டிக்குள்ள உக்கார வெச்சு, தலையில ஹெட்போன் ஒண்ணு மாட்டி விட்டாகளாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு உக்காந்து மெதுவாப் பேசுச்சாம். ‘சாப்ட்டீங்களாம்மா’ன்னு கேட்டுச்சாம்.

‘மெதுவாத்தாங்க பேசுச்சு. உதட்ட லேசாத்தான் அசைச்சுச்சு. எனக்குக் கேட்டுச்சுங்க’ன்னா. அதையே நாலு தடவ சொன்னா. ஓட்டைய அடைச்சுட்டா வீட்டுலயும் அப்படியே கேக்கும்னு காது டாக்டரம்மா சொன்னாகளாம். புதன்கிழமை சாயங்காலம் வரணும், வியாழக்கிழமை ஆபரேஷன், ரெண்டு ராத்திரி ஸ்டேஷன் பக்கத்துல ஸ்கூல்ல படுக்கணும். கையில ஒரு பச்சைச் சீட்டுக் குடுத்திருந்தாக. அத என் முன்னாடி நீட்டுனா.

புதன்கிழமையான்னேன். செவ்வாய்க்கிழமை காப்பு. அப்புறம் பாத்துக்கிரலாம்னேன். எனக்கு அன்னைக்கு டியூப்லைட்டு நாப்பது பாக்கி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வேப்பமரத்து மேல இருக்கேன், குழாய் கட்டிக்கிட்டு. கீழ வந்து நின்னா. இந்தா இப்ப மடியில வெச்சிருக்காளே, அதே ஒயர்கூடை. என்னமோ சொன்னா. மேல நிக்கிற எனக்கு எப்படிக் கேக்கும்? குழாயில பாட்டு ஓடுது, ஊரே அலறுது. கைய ஆட்டி, போ அப்புறம் பேசலாம்னேன். கொஞ்ச நேரம் நின்னா. போயிட்டா. பொழுது சாயக் காப்புக் கட்டியாச்சு. எனக்கும்தான்.

மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் ஒரு ஆளு ஓடியாந்து சொல்றான், ‘அண்ணே, மதினி எல்லைக்கல்லுகிட்ட நிக்கிறாக, கூடையோட’ன்னு. செயலாளர் பொண்டாட்டியே எல்லை தாண்டுனா அப்புறம் ஊரு என்ன ஆகும்? மிச்சம் பதினஞ்சு பேரும் வரிசையாப் போயிருவாகள்ல? அம்மன் கோவிச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரக் கேப்பாக? என்னையத்தான் கேப்பாக. ஓடிப் போய்ப் பிடிக்க நேரம் இல்ல. கோயில்ல மைக்கு இருந்துச்சு. எடுத்தேன். ‘குருவம்மா எங்கிருந்தாலும் உடனடியாகக் கோயிலுக்கு வரவும், குருவம்மா எங்கிருந்தாலும் உடனடியாகக் கோயிலுக்கு வரவும்’னு சொன்னேன்.

அவளுக்கு உலகத்துல மத்த எதுவும் கேக்காது சார். என் குழாய் கேக்கும். எல்லைக்கல்லு வரைக்கும் நல்லாவே கேக்கும். அந்தப் பக்கம் பாத்து ரெண்டு குழாய் கட்டியிருந்தேன், டாக்டருகளுக்குக் கேக்கட்டும்னு.

திரும்பி வந்துட்டா. கோயில் வாசல்ல கூடையோட வந்து நின்னா. எல்லாரும் பாக்குறாக. கூப்பிட்டாச்சு, என்னத்துக்குக் கூப்பிட்டேன்னு சொல்லணும்ல. ‘பிரசாதம் வாங்கிக்க’ன்னேன். வாங்கிக்கிட்டுப் போயிட்டா.

சனிக்கிழமை அந்தக் காது டாக்டரம்மா அவுகளே கோயிலுக்கு வந்துட்டாக. சின்ன வயசுதான், வெயில்ல முகமெல்லாம் செவந்து போயிருச்சு. ‘உங்க ஊர்ல பதினாறு பேர் இருக்காங்க, ஒருத்தரும் வரல. நாங்க நாளைக்குக் கிளம்புறோம். ராத்திரி வரைக்கும் வேலை பாக்கக் கூட நான் தயார், யாரையாவது அனுப்புங்க’ன்னாக. ‘நாளைக்கா? மேடம், பரிவட்டம் புதன்கிழமை. உங்களுக்குத்தான் இந்தத் திருவிழாவே’ன்னேன். அவுக என்னைய ஒரு பார்வை பாத்தாக. ‘எனக்காகவா’ன்னு கேட்டாக. ஆமா மேடம், பட்டு எடுத்தாச்சு, ஒரு நாலு நாள் இருந்து வாங்கிட்டுப் போங்கன்னேன். கும்பிட்டுட்டுப் போயிட்டாக. படிச்சவுகளுக்குச் சாமி மரியாதையோட அருமை தெரியல சார். எனக்கு இன்னைக்கும் அந்த வருத்தம் உண்டு. அந்தப் பரிவட்டத்தக் கடைசியில ரயில் சமையல்காரருக்குக் கட்டுனோம்.

இதுல எனக்கு வேற பல்லு வலி. கடவாப் பல்லு, காப்புக் கட்டுன ரெண்டாம் நாள் ஆரம்பிச்சுருச்சு. கன்னம் இந்தா இம்புட்டு வீங்கிப் போச்சு. பல் டாக்டரு கோட்டயத்துக்காரரு, வேலை முடிஞ்சு சாயங்காலம் டீ குடிக்க எல்லைக்கல்லு பக்கம் வருவாரு. அவரு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வாயத் தொறங்கம்பாரு. தொறப்பேன். அங்கிருந்தே பாத்துட்டு, ‘எடுக்கணுமே சேட்டா’ம்பாரு. ரத்தம் வரும்ல, எப்படி எடுக்குறது? ஆறு நாள் கஞ்சியக் குடிச்சுக்கிட்டு அந்த வலியோட மைக்குல பேசுனேன். ஊருக்காக. இதெல்லாம் எவன் நெனச்சுப் பாக்குறான்?

காப்பு அவுத்த மறுநாள் காலையில மொத ஆளா நான்தான் போய் நின்னேன். ஒரே நிமிஷம் சார். வலிச்சதே தெரியல. அருமையான மனுஷன். இந்தப் பாருங்க, இந்த எடம்.

குருவம்மாவும் கூட வந்திருந்தா. பச்சைச் சீட்ட எடுத்துக்கிட்டு அந்தக் காது டெஸ்ட் பெட்டிக்கிட்டப் போய் நின்னா. பூட்டியிருந்துச்சு. கதவுல கைய வெச்சுப் பாத்தா. நர்ஸம்மா வந்து கையக் காட்டிச் சொன்னாக, அவுக போயிட்டாக, இப்ப கண்ணு மட்டும்தான்னு. தலைய ஆட்டுனா. இப்ப ஆட்டுனால்ல, அதே மாதிரித்தான்.

அவ ஒரு வார்த்தை என்னையத் திட்டல சார். அதுதான் எனக்குக் கோவம். வேற பொம்பளையா இருந்தா மண்ணள்ளித் தூத்தியிருப்பா. நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன், ரயில்காரன் மேல பழியப் போட்டிருப்பேன், சரியாப் போயிருக்கும். இவ ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிட்டா.

மறுபடி மனு போட்டேன். போடாம இருப்பனா? போன தடவ உங்க ஊர்ல இருந்து யாரும் பயன்படுத்தலைன்னு எழுதிட்டாக. யாரும் பயன்படுத்தலையாம். அந்தப் பல்லக் கொண்டு போய்க் காட்டவா நான்?

ஒரு வருசம் ஆச்சு. சீழ் நிக்கல. தலைவலி வந்துச்சு, எந்திரிச்சா தலை சுத்துது. போன மாசம் மதுரைக்குக் கூட்டிட்டு வந்தேன். இப்ப ஆடு என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. வித்துட்டேன். படம் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் சொல்றாரு, ஓட்டையோட நிக்கலையாம், உள்ள எலும்ப அரிச்சுருச்சாம். இப்படியே விட்டா மூளைக்குப் போயிருமாம். எலும்பச் சொரண்டி எடுக்கணும்னாரு. எடுத்தா கேக்குமான்னேன். உயிருக்குத்தான் இந்த ஆபரேஷன், காதுக்கு இல்லைன்னாரு. கத்துனா கொஞ்சம் விழுதே, அதுவும் போயிரும்னாரு. மெஷின் வெச்சாலும் பிரயோசனம் இல்லையாம். போன வருசமே அடைச்சிருந்தா இம்புட்டுக்கு வந்திருக்காதேன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அவருக்கு என்னையத் தெரியாது, சும்மாத்தான் சொன்னாரு.

நாளைக்குக் காலையில ஆபரேஷன். இருக்குற காதும் போயிரும்னு அவகிட்டச் சொல்லியாச்சு, நர்சு எழுதிக் காட்டுனாக, அவ எழுத்துக் கூட்டிப் படிப்பா. சரின்னுட்டா. நேத்து என்ன பண்ணுனா தெரியுமா? என்னைய ஆம்ப்ளிஃபயரப் போடச் சொன்னா. வீட்டுல. பாட்டு ஒண்ணு போடுங்கன்னா. குழாய்க்கு நேரா முக்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டா. பக்கத்து வீட்டுக்காரன் வந்து கத்துனான், போடான்னேன்.

சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லவா? நீங்க யாரோ, நான் யாரோ. மதுரையில எறங்குனா உங்க வழி வேற.

அந்த வேப்பமரம். நான் மேல இருந்தேன், பாட்டு ஓடுச்சு, கேக்கலைன்னு சொன்னேன்ல. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிப் போச்சு. பாட்டு ஓடல சார். அப்ப ஒயரே குடுக்கல. குழாய மட்டும் கட்டிக்கிட்டு இருந்தேன். ஊரு அப்படியே அமைதியாக் கெடந்துச்சு, மத்தியான நேரம். அவ சொன்னது ஒவ்வொரு சொல்லும் கேட்டுச்சு. ‘ஏங்க, காப்புக் கட்ட இன்னும் நேரம் இருக்குல்ல. நான் இப்பவே எல்லைக்கு அந்தப் பக்கம் போயி ஸ்கூல்ல உக்காந்துக்கிறேன். எட்டு நாளும் அங்கயே இருந்துக்கிறேன். அம்மனுக்கும் குத்தமில்ல, ஊருக்கும் குத்தமில்ல. போகவா?’ன்னு கேட்டா. சரியாத்தான் கேட்டா. முறைப்படி போகலாம். யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாக.

எட்டாம் நாள் பரிவட்டம் கட்டும்போது செயலாளர் பக்கத்துல பொண்டாட்டி நிக்கணும், ஆரத்தித் தட்டோட. அவ இல்லாம நான் மட்டும் எப்படி நிக்கிறது, நோட்டீஸ்ல பேரு போட்டுட்டு. அதுதான் என் நெனப்புல இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல. காது கேக்காதவன் மாதிரி நான் கைய ஆட்டுனேன். எனக்குக் கேக்கலைன்னு அவளும் நம்பிட்டா. இன்னைக்கு வரைக்கும் நம்பிக்கிட்டு இருக்கா. ‘பாவம், நீங்க மேல இருந்தீக, உங்களுக்குக் கேக்கல’ன்னு அவளே ஒரு தடவ சொன்னா.

அத அவகிட்டச் சொல்லிரணும்னு ஒரு வருசமா நெனைக்கிறேன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொன்னாத்தான் உண்டு. நாளைக்கு அப்புறம் நான் குழாய் கட்டிச் சொன்னாலும் அவளுக்கு விழாது. எழுதிக் குடுக்கலாம்னு பாத்தேன், அவ எழுத்துக் கூட்டிப் படிக்கிறத நான் நின்னு பாக்கணும்ல. முடியாது சார். சொல்லித்தான் ஆகணும். எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க. மெதுவாச் சொன்னா கேக்காது. மன்னிச்சுக்க தாயின்னு ஒரு மனுஷன் ஊரே கேக்கக் கத்த முடியுமா? இருபத்திரண்டு ஊருக்கு மைக்குல பேசுனவன்தான். இத என்னால கத்த முடியல.

இருங்க, திரும்பிப் பாக்குறா. கூப்பிடுறா பாருங்க. நான் உங்ககிட்டப் பேசுறதப் பாத்துட்டுத் தன்கிட்டத்தான் ஏதோ சொல்றேன்னு நெனச்சிட்டா போல. என்னங்கன்னு கேக்குறா. கொஞ்சம் வழி விடுங்க சார், நான் கிட்டப் போறேன். இந்தா வாறேன் தாயி, இந்தா வந்துட்டேன்.

ஒண்ணுமில்ல குருவம்மா. ஒண்ணுமில்ல. பஸ்ஸு வளைவுல திரும்பப் போகுது. கம்பியப் பிடிச்சுக்க. கம்பிய. கம்பியப் பிடிச்சுக்கன்னேன்.